காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

உறுப்புக் கொடையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுக்க முன்வந்தார்கள். அந்தப் பிள்ளையின் இதயத்தைச் சுமந்து சென்னைச் சாலைகளில் வாகனம் விரைந்ததைப் பற்றி மாநிலமே பேசியது. அதன் பிறகு எத்தனையோ குடும்பங்கள், தாங்க முடியாத துக்கத்துக்கு நடுவே சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. 2023 செப்டம்பரில், உறுப்புக் கொடை அளித்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழக அரசு அறிவித்தது. செய்ய வேண்டிய மரியாதை.

அந்த உறுப்பைப் பெற்றுக்கொண்டவர் வீட்டுக்குப் போன பிறகு எப்படி வாழ்கிறார்? டாக்டர்களோடு நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பிவைத்த மறுநாளிலிருந்து அவரைப் பற்றி நாம் கேட்பதில்லை. மாதா மாதம் மாத்திரை வாங்க அவர் மருத்துவமனைக்கு வரும்போது, இருமலும் காய்ச்சலுமாக வந்தவர்களோடு ஒரே பெஞ்சில் உட்காரவைக்கிறோம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் தொற்றுப் பயத்தை அவரவர் மனக்குழப்பமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்தப் பயத்தில் பாதி நாம் உண்டாக்கியது என்பது என் எண்ணம்.

மாற்று உறுப்பை உடம்பு பொதுவாகத் தன்னுடையதாக ஒப்புக்கொள்வதில்லை. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு இடையே நடந்தது. அங்கே உடம்புக்கு வேற்றாள் என்று தோன்ற வழியில்லை. மற்ற எல்லோருக்கும் உடம்பின் எதிர்ப்பை மருந்தால் அடக்கித்தான் ஆக வேண்டும். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தபோது கையில் இருந்த மருந்துகள் மிகச் சில. ஜப்பானில் சுகுபா பகுதி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து 1980-களில் கண்டெடுத்த டாக்ரோலிமஸ் இன்று பெரும்பாலானோர் விழுங்கும் மாத்திரை. அதோடு மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன். காலையும் இரவும், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், மாற்று உறுப்பு வேலை செய்யும் காலம் வரைக்கும். வந்த விருந்தாளி தங்கட்டும் என்று வாசல் காவல்காரரைப் பாதித் தூக்கத்தில் வைத்திருப்பது போன்ற ஏற்பாடு இது. அந்தத் தூக்கத்தில் வேண்டாதவர்களும் உள்ளே வந்துவிடலாம்.

மாற்று உறுப்பு பெற்றவர்கள் மட்டும் இந்த நிலையில் இல்லை. கீமோதெரபியில் இருப்பவர்கள், ரத்தப் புற்றுக்காக எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்கள், லூபஸுக்கும் முடக்குவாதத்துக்கும் ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எச்.ஐ.வி.யால் சி.டி.4 அணுக்கள் 200-க்குக் கீழே போனவர்கள், பிறவியிலேயே எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைகள் என்று இது பெரிய கூட்டம். ஒரு பேருந்தில் ஏறினால் அவர்களில் ஒருவராவது அதில் இருக்கக்கூடும். முகத்தைப் பார்த்து நம்மால் சொல்ல முடியாது.

எங்கள் தெருவில் ஒரு தமிழாசிரியை இருக்கிறார். அம்மா கொடுத்த சிறுநீரகத்தோடு வாழ்கிறார். கைப்பையில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கும். ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார். ரத்தம் எடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும். ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா, “ஏம்மா, இன்னும் கொரோனா போகலையா?” என்று கேட்டார். “எனக்கு கிட்னி மாத்தியிருக்கு பெரியம்மா, அதான்” என்றார் இவர். பெரியம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு கேட்டார்: “ஒட்டிக்குமா?”

அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் நம் சமூகத்தின் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பிறகு பல ஆண்டுகள் நாம் இதையேதான் செய்தோம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வாடகைக்கு வீடு தர மறுத்தோம், தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைத்தோம். தொட்டாலோ பேசினாலோ அவர்களிடமிருந்து நமக்கு எதுவும் வரப்போவதில்லை. நம் இருமலிலிருந்து அவர்களுக்குக் காசநோய் வரலாம், எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை இந்த நாட்டில் மிகுதியாகப் பறித்தது அந்தக் காசநோய்தான். 2004 ஏப்ரலில் தாம்பரம் மருத்துவமனை உள்பட நாட்டின் சில இடங்களில் எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மருந்து இலவசமாக வந்த பிறகு நிலைமை மாறியது. ஒதுக்கிவைக்கும் பழக்கம் மாற அதைவிட அதிக காலம் பிடித்தது. முழுக்க மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

தொற்றைப் பற்றிய பயம் இவர்களுக்கு இயல்பானது, நியாயமானது. அது அளவு மீறும்போதுதான் வாழ்க்கையைத் தின்கிறது. மணிக்கொரு தரம் உடம்பைத் தொட்டுப் பார்ப்பது, தோல் வெடிக்கும் வரை கை கழுவுவது, பேரக்குழந்தையை வாசலிலேயே நிறுத்துவது, இரவில் இதயம் படபடக்க எழுந்து உட்கார்வது எல்லாம் பலரும் சொல்லும் அனுபவங்கள். இதில் மருந்தின் பங்கும் உண்டு என்பதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. பிரெட்னிசோலோன் தூக்கத்தைக் கெடுக்கும், மனத்தைப் பதற்றத்தில் வைக்கும். டாக்ரோலிமஸ் கையை நடுங்கவைக்கும். “பயத்துல கை நடுங்குது பாரு” என்று வீட்டார் சொல்வார்கள். நடுக்கம் மாத்திரையால் வந்தது என்று தெரிந்தாலே பாதி நிம்மதி கிடைக்கும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது தூக்கத்தைப் பற்றியும் நடுக்கத்தைப் பற்றியும் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வராதீர்கள்.

பயத்துக்கு ஒரு காலண்டரும் உண்டு. உறுப்பு மாற்றுக்குப் பிறகு முதல் ஆறு மாதம்தான் கடுமையான காலம். மருந்தின் அளவு அப்போது அதிகம். சில கிருமிகளைத் தடுக்க அந்த மாதங்களில் முன்கூட்டியே மருந்தும் கொடுப்பார்கள். ஓராண்டு நல்லபடியாகக் கடந்தவருக்கு ஆபத்து கணிசமாகக் குறைகிறது, அடியோடு போவதில்லை. கீமோவில் இது இன்னும் துல்லியம். மருந்து ஏற்றிய ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரையில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்கும். மூன்று, நான்கு வாரத்தில் மீண்டும் ஏறும். இதைத் தெரிந்துகொண்டவர்கள் அந்த ஒரு வாரம் வீட்டோடு இருந்துவிட்டு, எண்ணிக்கை ஏறிய பிறகு தங்கை வீட்டுக்குப் போய் வருகிறார்கள். தெரியாதவர்கள் ஆறு மாதமும் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார்கள். சிகிச்சை தொடங்கும் நாளிலேயே இந்தத் தேதிகளை நோயாளியின் நோட்டில் எழுதிக் கொடுக்க ஒரு செவிலியருக்கு ஐந்து நிமிடம் போதும்.

இதைவிடவும் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. தொற்று வந்துவிட்டால் முதலில் கிளம்புவது மருத்துவ ஆலோசனை அல்ல, குற்றச்சாட்டு. “யாரு உன்னைக் கோயிலுக்குப் போகச் சொன்னது?” “அந்த வீட்டுல காபி குடிச்சியே, அதான்.” நோயாளியும் தன்னையே குடைந்துகொள்வார். வெள்ளணு குறைந்த கீமோ நோயாளிக்கு வரும் தொற்றுகளில் கிருமி கண்டறியப்பட்டவற்றைப் பார்த்தால், பெரும்பகுதி அவருடைய குடலிலும் வாயிலும் தோலிலும் ஏற்கெனவே குடியிருந்தவை. சின்னம்மை வைரஸ் சிறு வயதில் வந்து நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்து, எதிர்ப்பு தளரும்போது அக்கியாக எழும். காசநோய்க் கிருமியும் நம் ஊரில் பலருடைய நுரையீரலில் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். யாரும் எங்கும் தப்புச் செய்யாமலேயே தொற்று வரலாம். இதைக் குடும்பத்தார் ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால், நோயாளியின் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கும்.

அமெரிக்காவில் 1971-இல் டேவிட் வெட்டர் என்ற குழந்தை எதிர்ப்பாற்றலே இல்லாமல் பிறந்தான். பிறந்த சில நொடிகளில் அவனைக் கிருமி நீக்கிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தார்கள். உணவு, பொம்மை, புத்தகம் எல்லாம் சுத்திகரித்த பிறகே உள்ளே போயின. நாசா அவனுக்கென்று ஒரு தனி உடை தைத்துக் கொடுத்தது. பன்னிரண்டு வயதில் அக்காவின் எலும்பு மஜ்ஜையை அவனுக்கு ஏற்றினார்கள். அந்த மஜ்ஜைக்குள்ளேயே, அன்றைய பரிசோதனைகளுக்குப் பிடிபடாமல், ஒரு வைரஸ் இருந்தது. 1984 பிப்ரவரியில் டேவிட் இறந்துபோனான். அவனுடைய பெற்றோரையும் மருத்துவர்களையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி தெரியாத காலம் அது. ஆனால், மனிதரால் கட்ட முடிந்த மிக இறுக்கமான சுவருக்குள்ளும் கிருமி போனது என்ற உண்மையை, வீட்டையே கூடாக மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நினைத்துப்பார்க்க வேண்டும்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இப்படித்தான் எல்லை தாண்டுகிறது. பச்சைக் காய், பழம், தயிர் எதுவுமே கூடாது என்று பழைய பட்டியல் ஒன்று கீமோ நோயாளிகளிடையே கைமாறி வருகிறது. அவ்வளவு கடுமையான உணவு முறையையும் சாதாரணச் சுத்தமான உணவையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், கடுமையான முறையால் தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை. நோயாளிக்குச் சாப்பாட்டில் தேர்வு குறைந்ததுதான் மிச்சம். வீட்டில் நன்றாகக் கழுவித் தோல் நீக்கிய வாழைப்பழத்துக்கும் மாம்பழத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. தெருவோரம் நறுக்கி வைத்த பழம், ஐஸ் போட்ட கரும்புச் சாறு, காய்ச்சாத பால், நேற்று அரைத்து வெளியில் கிடந்த தேங்காய்ச் சட்னி, சரியாக வேகாத முட்டை, கறி ஆகியவற்றைத் தவிர்த்தே ஆக வேண்டும். கோயில் தீர்த்தத்தை வாயில் விடாமல் தலையில் தெளித்துக்கொண்டால் எந்தச் சாமியும் கோபிக்காது. பப்பளிமாஸ் பழத்தை மட்டும் டாக்ரோலிமஸ் எடுப்பவர்கள் தொடவே கூடாது. அதுவும் அதன் இனத்தைச் சேர்ந்த சில பழங்களும் ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று உறவினர் அன்போடு கொண்டுவரும் கசாயமும் லேகியமும் அப்படியே. எதிர்ப்பை அடக்கிவைப்பதுதான் சிகிச்சையே என்னும்போது, டாக்டரைக் கேட்காமல் ஒரு மடக்குக்கூடக் குடிக்க வேண்டாம்.

மண்ணிலும் தூசியிலும் உள்ள பூஞ்சைகளைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. கட்டடம் இடிக்கும் இடத்திலும் தோண்டிப்போட்ட சாலையிலும் பறக்கும் புழுதியில் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் நுண்விதைகள் இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது. எதிர்ப்பு குறைந்தவரின் நுரையீரலில் உயிருக்கே உலை வைக்கும். மருத்துவமனை வளாகத்தில் கட்டுமானம் நடக்கும்போது உள்நோயாளிகளுக்கு இந்தத் தொற்று பரவியது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. நம் ஊரில் வார்டு நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த சுவரை உடைக்கிறார்கள், தார்ப்பாய்கூடக் கட்டுவதில்லை. பால்கனியில் புறா எச்சத்தை நோயாளியே பெருக்குவதும், மழைக்காலத்தில் செருப்பில்லாமல் தேங்கிய நீரில் நடப்பதும் வீட்டார் தடுக்க வேண்டிய காரியங்கள்.

இத்தனைக்கும் பிறகு காய்ச்சல் வந்துவிட்டால்? உண்மையான பயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நம்முடைய ஏற்பாடுகள் கைவிடுவதும் இந்த இடத்தில்தான்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ். எதிர்ப்பு குறைந்தவருக்கு இந்த எண் ஓர் எச்சரிக்கை மணி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக்கூடாது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்கவும் கூடாது. வெப்பம் இறங்கும், தொற்று இறங்காது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சலே தெரியாமல் குளிர் நடுக்கம் மட்டும் வரலாம். அதுவும் இதே கணக்கில்தான். கீமோ நோயாளியின் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்துக்கு 500-க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சல் வந்தால், மருத்துவமனையில் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்ட்டிபயாட்டிக் போக வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள்.

விழுப்புரத்துக்கு உள்ளே ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். இரவு பதினோரு மணி. சிகிச்சை பெற்றது சென்னையில். பக்கத்து ஊர் கிளினிக்கில் இருக்கும் இளம் டாக்டருக்கு இவர் கதை தெரியாது. அவர் நல்ல எண்ணத்தோடு எழுதும் கிளாரித்ரோமைசின், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை மடமடவென்று ஏற்றிவிடும். உடம்பு வலிக்கு என்று போடும் டைக்ளோஃபினாக் ஊசி சிறுநீரகத்தை அடிக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக, மருந்தின் அளவைத் தரைமட்டத்துக்கு இறக்கி, உடம்பு உறுப்பை நிராகரிக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். பெரிய மருத்துவமனையின் கேஷுவால்ட்டிக்குப் போனாலோ, சாதாரணக் காய்ச்சல்காரர் என்று வரிசையில் நிற்கவைக்கிறார்கள். கோப்பு வெளிநோயாளிப் பிரிவில் பூட்டியிருக்கிறது. காலை எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். நான் அறிந்த ஒரு குடும்பம், கீமோ முடிந்த பத்தாவது நாளில் காய்ச்சலோடு தந்தையை அழைத்துக்கொண்டு போய் விடியும் வரை நடைபாதையில் காத்திருந்தது. அவர் பிழைத்துவிட்டார். எல்லோருக்கும் அப்படி அமையாது.

பிரிட்டனில் கீமோ நோயாளிகளின் பர்ஸில் ஓர் எச்சரிக்கை அட்டை இருக்கும். இவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, காய்ச்சல் என்றால் உடனே கவனியுங்கள், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று அதில் இருக்கும். அவ்வளவுதான். தமிழ்நாடு இதை நாளைக்கே செய்யலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்றுக்கும் புற்றுநோய்க்கும் சிகிச்சை பெறுகிறவர்கள் யார் யார் என்பது அரசுக்குத் தெரியும். அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு காய்ச்சல் அட்டை கொடுக்கட்டும். நோய், எடுக்கும் மருந்து, எழுதக்கூடாத மருந்து, இருபத்து நான்கு மணி நேரமும் ஒரு டாக்டர் எடுக்கும் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்கட்டும். அந்த அட்டையைக் காட்டியவரை 108 ஆம்புலன்ஸ் ஊழியரும் கேஷுவால்ட்டி டாக்டரும் வரிசையில் நிறுத்தக்கூடாது என்று ஓர் அரசாணை வரட்டும். அட்டை அச்சடிக்க ஆகும் செலவு, ஒருவரை ஒரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கும் செலவுக்குப் பக்கத்தில் நிற்காது.

இந்த அட்டை மனத்துக்கும் மருந்து. தெர்மாமீட்டரை மணிக்கொரு தரம் பார்க்கிறவர் அப்படிப் பார்ப்பது, 100.4 வந்தால் என்ன செய்வதென்று தெரியாததால். என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்தவர் காலையும் மாலையும் பார்த்துவிட்டு வேலையைப் பார்ப்பார். அப்படியும் பதற்றம் அடங்காதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள். சிறுநீரக டாக்டரிடம் பயத்தைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் அங்கே சொல்லலாம்.

வெளிநோயாளிப் பிரிவில் காய்ச்சல், இருமல் உள்ளவர்களுக்குத் தனி வாசலும் தனி வரிசையும் வைக்க கொரோனா காலத்தில் நம்மால் முடிந்தது. அதை ஏன் கலைத்தோம்? மாத்திரைக்காக மட்டும் வருகிறவருக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், அவர் கூட்டத்தில் வந்து நிற்கும் நாள்கள் குறையும். தடுப்பூசியிலும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. 2021-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் உறுப்பு மாற்றுப் பெற்றவர்களைச் சோதித்தபோது, கொரோனா தடுப்பூசியின் முதல் தவணைக்குப் பின் 17 சதவீதம் பேருக்கும், இரண்டாவது தவணைக்குப் பின் 54 சதவீதம் பேருக்கும் மட்டுமே எதிர்ப்பணுக்கள் உருவாகியிருந்தன. ஊசி அவர்கள் உடம்பில் முழுதாகப் பிடிப்பதில்லை. அதனால் சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் நல்ல பாதுகாப்பு. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காவது ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா ஊசியை அரசு இலவசமாகப் போட வேண்டும். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமியால் செய்த ஊசிகள் நோயாளிக்கு ஆகாது. உறுப்பு மாற்றுக்கு முன்பே அவற்றை முடித்துவிட்டார்களா என்று டாக்டர்கள் கவனிக்க வேண்டும்.

பள்ளிகளில் நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தலாம். அந்தக் கோப்பைக்காக நூறு டிகிரி காய்ச்சலோடு வரும் குழந்தை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த குழந்தைக்குக் கொடுக்கும். அந்தக் குழந்தை வீட்டில் இருக்கும் தாத்தாவுக்குக் கொண்டுபோகும். தாத்தா கீமோவில் இருக்கிறார் என்பது வகுப்பில் யாருக்கும் தெரியாது. சளியோடு வேலைக்கு வந்தவரைக் கடமை தவறாதவர் என்று பாராட்டும் அலுவலகங்களும் யோசிக்க வேண்டும். 2022-இல் முகக்கவசம் போடாதவருக்கு 500 ரூபாய் அபராதம் விதித்த ஊர் இது. இன்றைக்கு அதைப் போட்டவரை நிறுத்தி விசாரிக்காமல் இருந்தால் போதும்.

நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒருவர் உங்கள் உறவிலோ தெருவிலோ இருந்தால், உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் அவர் வீட்டுக்குப் போகாதீர்கள். விசேஷமானாலும் துக்கமானாலும் போனில் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், அவர்கள் வருத்தப்பட மாட்டார்கள். உடம்பு சரியான பிறகு கட்டாயம் போங்கள். கை கழுவிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.